எஞ்சின் கணினியை வீட்டில் ரீசெட் செய்தல்: பற்றரியா, பியூஸா, ஸ்கேனரா?

2020 மார்ச்சில் இலங்கையில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் கிழக்குக் கரையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை வீதியில் ஓடியவை பெரும்பாலும் அதற்கு முன் வந்திறங்கிய விட்ஸ், வேகன் ஆர், ஆல்டோ, அக்வா, ஃபிட், ஹைஏஸ் போன்ற வாகனங்களே. இன்றைய விலையில் அவற்றை மாற்றுவது பல குடும்பங்களுக்கு இன்னும் எட்டாத காரியம். வாகனம் பழசாகப் பழசாக, மீற்றர் பலகையில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிவதும் வழக்கமாகிவிடுகிறது. அது எரிந்தவுடன் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் ஆலோசனை இதுதான்: "மனே, பற்றரிய ஒருக்காக் கழட்டிப் பூட்டு, லைட் போயிரும்."

லைட் பல நேரங்களில் போய்விடுவது உண்மை. ஆயினும் அந்த விளக்கை அணைக்கப் பற்றரியைக் கழற்றுவது மட்டுமே வழியன்று. பியூஸைப் பிடுங்கலாம், கைத்தொலைபேசியோடு இணையும் சிறிய ஸ்கேனரால் அழிக்கலாம், எதுவும் செய்யாமல் ஓட்டி, விளக்கு தானாக அணைகிறதா என்று பார்க்கலாம், அல்லது கராஜுக்கே கொண்டுபோகலாம். இவை ஒவ்வொன்றும் அழிப்பது வேறு, விட்டுவைப்பது வேறு என்பதால், எந்த வாகனத்துக்கு எது பொருந்தும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

எஞ்சின் கணினியில் அடிப்படை நிரல் ஒன்று இருக்கிறது. எவ்வளவு காற்று வந்தால் எவ்வளவு பெற்றோல் தெளிப்பது, எப்போது தீப்பொறி கொடுப்பது என்ற கணக்கு அது. வீட்டில் நாம் செய்யும் எந்த ரீசெட்டும் அதைத் தொடுவதில்லை. அதன் மேல், வாகனம் ஓட ஓடக் கணினி தானாகக் கற்றுக்கொண்ட திருத்தங்கள் இருக்கின்றன: பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர் சற்று அடைத்திருந்தால் பெற்றோலைக் கொஞ்சம் கூட்டுவது, எஞ்சினுக்குக் காற்று விடும் த்ரொட்டில் வாயில் கரி படிந்திருந்தால் ஐட்லிங்கில், அதாவது வாகனம் நின்றபடி எஞ்சின் ஓடும்போது, அதைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவைப்பது போன்றவை. மூன்றாவதாக இருப்பது கோளாறுப் பதிவு. அதில் பிழைக்குறி மட்டும் இல்லை. பிழை பதிவான அந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் ஓடியது, வாகனம் என்ன வேகத்தில் போனது என்ற விவரங்களும் உறைநிலைப் பதிவாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ரீசெட் என்று நாம் சொல்வது பின்னைய இரண்டையும் அழிப்பதையே. என் கருத்தில் இவற்றுள் மிகவும் பெறுமதியானது அந்த உறைநிலைப் பதிவு. அதைப் படிக்காமல் அழிப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

ஓர் உதாரணம் தருகிறேன். பி0171 என்பது அடிக்கடி வரும் ஒரு பிழைக்குறி. எஞ்சினுக்குள் போகும் கலவையில் பெற்றோல் குறைந்து காற்று மிகுந்துவிட்டது என்பது அதன் பொருள். பிழைக்குறியை மட்டும் பார்த்தால் காற்றுக் குழாயில் கசிவு, பெற்றோல் பம்பின் தளர்ச்சி, காற்று அளவிடும் சென்சரில் அழுக்கு என்று பல சந்தேகங்கள் எழும். உறைநிலைப் பதிவில் வேகம் 0, சுற்று 750, நீண்டகாலப் பெற்றோல் திருத்தம் கூட்டல் 24 சதவீதம் என்று இருந்தால், வாகனம் நின்றபடி ஓடும்போதே சிக்கல் இருக்கிறது என்பதால் முதலில் தேட வேண்டியது எஞ்சின் உறிஞ்சும் காற்றோடு இணைந்த வக்யூம் குழாய்களில் உள்ள வெடிப்பை. அதே பிழை 70 கிலோமீற்றர் வேகத்தில், 2800 சுற்றில் பதிவாகியிருந்தால், பார்க்க வேண்டியவை பெற்றோல் பம்பும் பில்டரும் காற்றுச் சென்சரும். அந்தத் திருத்தம் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருப்பதே பொதுவாகச் சுகமான எஞ்சினுக்கு அடையாளம். பற்றரியைக் கழற்றியபின் கராஜுக்குப் போகும் வாகனத்தில் இவற்றில் எதுவும் மிஞ்சியிராமல் போகலாம். அப்போது மெக்கானிக் ஊகத்தின் பேரில் ஒவ்வொரு உதிரிப்பாகமாக மாற்றத் தொடங்குவார், அந்தச் செலவு நம்முடையது.

இனிப் பற்றரி வழியைப் பார்ப்போம். இதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பெனர் ஒன்று போதும் என்பதே இதன் பெரிய கவர்ச்சி. சுவிட்சை நிறுத்தி, சாவியை வெளியே எடுத்துவிட்டு, முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்ட வேண்டும். பொசிட்டிவை முதலில் கழற்றப் போனால், ஸ்பெனரின் மறுமுனை வாகனத்தின் பொடியில் (உலோக உடலில்) பட்ட கணமே பெருந்தீப்பொறி எழும். கழற்றியபின் பதினைந்து முதல் முப்பது நிமிடங்கள் விடுவது வழக்கம். பழைய வாகனங்களில், அதாவது நினைவகத்துக்கு இடையறாது மின் தேவைப்பட்ட காலத்து கரோலா, சன்னி போன்றவற்றில், இது நிச்சயமாக வேலை செய்யும். பிந்திய வாகனங்கள் பலவற்றில் பிழைக்குறி மின் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் எழுதப்படுவதால், அரைமணி நேரம் காத்திருந்து பூட்டிய பின்னும் விளக்கு அப்படியே எரியும். கற்றுக்கொண்ட திருத்தங்கள் போய், பிழைக்குறி மட்டும் மிஞ்சும் நிலையும் நேரலாம். அது நாம் விரும்பியதற்கு நேர் எதிரானது.

இந்த வழியின் பக்கவிளைவுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கூடும் ரேடியோ நிலையங்களும் அழிவது சிறிய விடயம். சில வாகனங்களில் ரேடியோ இரகசிய எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். தானாக ஏறும் ஜன்னல்கள் முழுதாக ஏற மறுக்கலாம். இவற்றைவிடத் தொல்லையானது ஐட்லிங். கரி படிந்த த்ரொட்டிலுக்கு ஏற்பக் கணினி செய்துவைத்த திருத்தம் அழிந்தபின், கால் எடுத்தவுடன் சுற்று விழுந்து எஞ்சின் நின்றுபோகும். கல்முனைச் சந்தி நெரிசலில் பின்னால் பஸ் ஹோன் அடிக்க, ஏசி போட்டபடி நிற்கும் கார் திரும்பத் திரும்ப அணைவது பாதுகாப்பான நிலையன்று. ஆகவே பற்றரியைப் பூட்டியபின், ஏசியும் விளக்குகளும் நிறுத்திய நிலையில் எஞ்சின் சூடேறி ரேடியேற்றர் விசிறி ஒருமுறை சுழலும் வரை ஓடவிட்டு, பிறகு ஏசியைப் போட்டும் சிறிது நேரம் ஓடவிட்டு, அதன் பின்னரே வீதிக்கு எடுப்பது நல்லது. நிசான் வாகனங்கள் சிலவற்றுக்கு ஐட்லிங் காற்றைக் கற்பிக்கத் தனியான ஒழுங்குமுறையே உண்டு.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இந்த வழியைத் தவிர்ப்பதே மேல் என்பேன். அக்வாவில் 12 வோல்ட் பற்றரி பின் இருக்கைப் பகுதியிலும், ப்ரியஸில் பின்பக்கச் சாமான் பகுதியிலும் இருக்கின்றன. ப்ரியஸின் பின்கதவு மின்னால் திறப்பது. பற்றரியைக் கழற்றிவிட்டு அந்தக் கதவைச் சாத்தினால், வெளியிலிருந்து அதைத் திறக்க மின் இருக்காது. இதே வாகனங்களில் செம்மஞ்சள் நிறக் கேபிள்கள் செல்லும் பக்கம் கையே போகக்கூடாது. வாகனத்தை ஓட்டும் மோட்டாருக்கு மின் தரும் பெரிய பற்றரி ப்ரியஸில் 201.6 வோல்ட், அக்வாவினுடையது 144 வோல்ட். இரண்டும் உயிரைப் பறிக்கப் போதுமானவை.

இவ்வளவு சொன்னாலும், பற்றரியைக் கழற்றிப் பூட்டியதால் உண்மையிலேயே வாகனம் சுகமான சம்பவங்கள் நம் பகுதியில் இல்லாமல் இல்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் ரீசெட் அன்று. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று அமைந்த கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி போன்ற ஊர்களில் உப்புக்காற்று பொனட்டுக்குள்ளும் புகுகிறது. பற்றரி முனையைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் தூளைப் பலரும் கண்டிருப்பார்கள். முனை கழற்றப்படும்போது அந்தப் பூஞ்சல் உதிர்கிறது, திரும்பப் பூட்டும்போது பிடி இறுகுகிறது, கணினிக்கு ஒழுங்கான மின் கிடைக்கிறது. குறைந்த மின்னழுத்தத்தால் வந்த பிழைக்குறிகள் பிறகு வராமல் போவதில் வியப்பில்லை. எனவே ரீசெட் செய்ய நினைப்பவர் எந்த வழியைத் தெரிவுசெய்தாலும், முனையில் பூஞ்சல் இருந்தால் அதைச் சுடுநீரால் கழுவி, பொடியில் இறுக்கப்பட்டிருக்கும் நெகட்டிவ் வயரின் மறுமுனையையும் சுரண்டித் துப்புரவாக்கி, மேலே சிறிது வசலின் பூசிவிட வேண்டும். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையிலும் இருந்தால் சாதாரண பெற்றோல் காரின் பற்றரிப் பக்கம் சரி.

பியூஸைப் பிடுங்கும் வழி, பற்றரி வழியின் குறுகிய வடிவம். டொயோட்டாவில் எஞ்சின் அறைப் பெட்டியின் மூடியில் ஈஎஃப்ஐ என்று குறித்திருக்கும் பியூஸை, சுவிட்ச் நிறுத்திய நிலையில் பிடுங்கிச் சிறிது நேரம் விட்டுத் திரும்பச் செருகினால், எஞ்சின் கணினி மட்டும் மின் இழக்கும். மணிக்கூடும் ரேடியோவும் தப்பும். ஸ்பெனர் தேவையில்லை, தீப்பொறி ஆபத்தும் இல்லை. ஆனால் பழைய வாகனத்துக்கே பொருந்துவது, உறைநிலைப் பதிவை அழிப்பது என்ற இரு குறைகளும் இதற்கும் அப்படியே உண்டு. பிடுங்கிய பியூஸ் உருகியிருந்தால் அதே அம்பியர் அளவுள்ளதையே போட வேண்டும். 2005க்கு முந்திய கார் வைத்திருந்து, ஸ்கேனர் பேசாத நிலையில் இருப்பவருக்குப் பற்றரியைவிட இதையே பரிந்துரைப்பேன்.

மூன்றாவது வழி ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், பதினாறு பின்கள் கொண்ட சரிவக வடிவச் சொக்கெற் ஒன்று இருக்கும். ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தும், ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட, வாகனம் தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓபிடி முறையின் வாயில் அது. தீப்பெட்டியளவு புளூடூத் கருவியை அதில் செருகி, கைத்தொலைபேசியில் டார்க், கார் ஸ்கேனர் போன்ற செயலியொன்றைத் திறந்தால், பிழைக்குறி, உறைநிலைப் பதிவு, ஓடிக்கொண்டிருக்கும் சென்சர் அளவுகள் எல்லாம் திரையில் வரும். படித்து, திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, கோளாறைச் சரிசெய்தபின் அழிக்கும் பொத்தானைத் தட்டினால் போதும். மணிக்கூடு அழியாது, ஜன்னல் கெடாது. பெற்றோல் திருத்தங்கள் பல வாகனங்களில் இதிலும் பூச்சியத்துக்குப் போகும். அழிக்கும் எந்த வழியிலும் அதைத் தவிர்ப்பது கடினம்.

இந்தக் கருவிகள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இஎல்எம்327 என்ற சிப்பின் நகல்கள். தரம் ஒன்றுபோல இராது. பதிப்பு 2.1 என்று விற்கப்படும் மலிவான நகல்கள் பல, எல்லாக் கட்டளைகளையும் ஏற்பதில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண புளூடூத் கருவியை வாங்கினால் இணையாது. வைஃபை அல்லது குறைமின் புளூடூத் வகையே வேண்டும். நம் வீதிகளில் ஓடும் வாகனங்களில் பல ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டவை என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு: குறிப்பாக 2000களின் தொடக்கத்தில் வந்தவற்றில் சொக்கெற் ஒரே வடிவமாக இருந்தாலும் உள்ளே பேசும் மொழி வேறாக இருக்கலாம், செயலியில் சிறப்பு அமைப்பு ஏதும் கொடுக்காமல் இணைப்பு வராது. ஆகையால் வாங்குவதற்கு முன் சொந்த வாகனத்திலேயே செருகிப் பார்க்கக் கேட்பது நல்லது. வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் அந்தச் சொக்கெற்றில் சாவி இல்லாதபோதும் மின் இருக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வாகனத்தின் பற்றரியை அது மெல்ல மெல்ல வற்றச் செய்யும்.

இந்தக் கருவியின் இன்னொரு பயன், பாவித்த வாகனம் வாங்கும்போது தெரியவரும். விற்பவர் முந்தைய நாள் இரவு எஞ்சின் விளக்கை அழித்துவிட்டு வந்திருந்தால், விளக்கைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அழித்தபின் ஓடிய தூரம், அழித்தபின் எஞ்சின் சூடேறிய தடவைகள், இன்னும் முடிவடையாத சுயபரிசோதனைகள் ஆகியவற்றை ஓபிடி முறையைப் பின்பற்றும் கணினி பொதுவாகத் தன்னிடம் வைத்திருக்கும். பத்து ஆண்டு பழைய அக்வாவில் அழித்தபின் ஓடிய தூரம் 12 கிலோமீற்றர் என்று திரையில் வந்தால், விலை பேசுவதை நிறுத்திவிட்டு, அழிக்கப்பட்டது எது என்று கேட்க வேண்டும். ஹைபிரிட்டின் பெரிய பற்றரியை மாற்ற வேண்டும் என்று சொல்லும் பி0ஏ80 பிழையை இப்படி மறைத்து விற்பது வாங்குபவர் தலையில் பெருஞ்செலவைச் சுமத்தும் செயல். ரீசெட் என்பது இதற்காகப் பயன்படுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

எதையும் அழிக்காமல் விடுவதும் ஒரு வழிதான். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. கோளாறு சரிசெய்யப்பட்டபின், தொடர்ந்து மூன்று ஓட்டச் சுற்றுகளில் (எஞ்சினை இயக்கி, ஓட்டி, நிறுத்துவது ஒரு சுற்று) அதே பிழை தென்படாவிட்டால் கணினி தானாகவே விளக்கை அணைக்கிறது. பிழைக்குறியும், பெரும்பாலான பிழைகளுக்கு எஞ்சின் நாற்பது தடவை குளிர்ந்து சூடேறியபின், தானாகவே நீங்கும். பெற்றோல் மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டது போன்ற எளிய காரணமென்றால், மூடியை இறுக்கிவிட்டுக் காத்திருப்பதே போதும். இதன் சிறப்பு, விளக்கு அணைவது வேலை சரியாக முடிந்ததற்கு வாகனமே தரும் சான்றாக இருப்பது. குறை, அந்தக் காலம் முழுவதும் விளக்கு எரிந்துகொண்டிருப்பதால் புதிதாக வேறொரு கோளாறு வந்தாலும் நமக்குத் தெரியாமல் போகலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இந்த வழி அறவே ஆகாது. மின்னும் விளக்கு, சிலிண்டரில் தீப்பற்றாத பெற்றோல் வெளியேறி, புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்பதைக் குறிக்கும். அப்போது வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி, அருகிலுள்ள கராஜை நாட வேண்டும்.

வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன் ரீசெட் செய்தால் பாஸாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இங்குள்ள பரிசோதனை பெற்றோல் வாகனத்தின் புகைக்குழாயில் வரும் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறது. கணினியில் விளக்கு எரிந்த வரலாற்றை அல்ல. புகை கூடியதற்குக் காரணம் பழுதான ஒட்சிசன் சென்சர் என்றால், ரீசெட் அதைச் சரிசெய்யாது; அதை மாற்றத்தான் வேண்டும்.

கராஜ் ஸ்கேனருக்குப் பணம் கொடுக்க வேண்டிய இடங்கள் தெளிவானவை. எயார்பாக், ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங் விளக்குகளைச் சாதாரண புளூடூத் கருவியின் அழிக்கும் கட்டளை தொடுவதில்லை. அவற்றுக்கு லோன்ச், ஓடெல் போன்ற பெரிய கருவிகளோ, டொயோட்டாவுக்கென உள்ள டெக்ஸ்ட்ரீமோ வேண்டும். ஹோண்டா ஃபிட்டின் கியர்ப்பெட்டிக் கணினிக்குத் திரும்பக் கற்பிப்பதும் அப்படியே. கராஜில் வாகனத்தை விடும்போது, அழிப்பதற்கு முன் பிழைக்குறிகளை எழுதித் தருமாறு கேட்பது நம் உரிமை. ஆரையம்பதியில் உறவினர் ஒருவரின் வேகன் ஆருக்கு நடந்ததைச் சொல்கிறேன்: கராஜ்காரர் வந்ததும் பற்றரி முனையைக் கழற்றிவிட்டார், விளக்கு போனது, ஒரு கிழமைக்குள் திரும்ப எரிந்தது. இரண்டாவது இடத்தில் கழற்றாமல் ஸ்கேனர் செருகியபோது மூன்றாம் சிலிண்டரில் பெற்றோல் சரியாகப் பற்றவில்லை என்ற மிஸ்பயர் பிழை அப்படியே இருந்தது. மாற்றப்பட்டது தீப்பொறிக்கு மின் தரும் ஒரு கொயில் மட்டும்.

மாரிவெள்ள காலத்துக்கு இந்த ஒப்பீடு முழுவதும் பொருந்தாது. நவம்பர் முதல் ஜனவரி வரை தாழ்ந்த வீதிகளில் தண்ணீர் இருக்கை மட்டத்துக்கு ஏறிய வாகனத்தில் ரீசெட் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போது சாதாரண பெற்றோல் அல்லது டீசல் வாகனத்தின் பற்றரி நெகட்டிவைக் கழற்றிவைப்பது, ஈரமான கணினிக்கும் வயர்களுக்கும் மின் போகாமல் தடுக்கத்தான்; சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கி, காய்ந்து சோதிக்கும் வரை விட்டுவிட வேண்டும். பெரிய பற்றரி நனைந்த ஹைபிரிட்டை வீட்டில் தொடவே வேண்டாம்.

ஆக, 2005க்குப் பிந்திய பெற்றோல் காரோ ஹைபிரிட்டோ வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது தன் வாகனத்தோடு பேசும் ஒரு ஸ்கேனர். அதற்கு முந்திய காருக்கு பியூஸ், அதுவும் கிடைக்காவிட்டால் பற்றரி. த்ரொட்டில் சுத்தம் செய்தபின், சென்சர் மாற்றியபின், கலப்படப் பெற்றோலை வடித்துவிட்டு நல்லதை நிரப்பியபின் ரீசெட் செய்வது நியாயமானது; காரணம் தெரியாத விளக்கை அணைக்கச் செய்வது அப்படியன்று. அழித்தபின் வாகனம் மீளக் கற்க நிலையான வேகத்தில் ஓட இடம் வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரையுள்ள ஏ4 வீதி அதற்கு ஏற்றதன்று, ஊருக்கு ஊர் நின்று நின்றே போக வேண்டும். செங்கலடியிலிருந்து மகாஓயாப் பக்கம் போகும் ஏ5, வாகரைப் பக்கம் போகும் ஏ15, அக்கரைப்பற்றைத் தாண்டிப் பொத்துவில் நோக்கிய பகுதி ஆகியவற்றில், மாடும் யானையும் வீதிக்கு வரும் பொழுதுக்கு முன், 60 முதல் 70 கிலோமீற்றர் வேகத்தில் இருபது நிமிடங்களாவது ஓட்டி, இடையில் பிரேக் பிடிக்காமல் கால் எடுத்துத் தானாக வேகம் குறையவிட்டு, மீண்டும் ஓட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்துவதற்கு முன் ஸ்கேனரைச் செருகி, விளக்கு எரியாவிட்டாலும் நிலுவையிலுள்ள பிழைகள் என்ற பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பல பிழைகள் முதல் ஓட்டத்தில் அங்கேதான் வந்து நிற்கும். இரண்டாவது ஓட்டத்திலும் தென்பட்டால்தான் விளக்கை எரியவைக்கும்.